மீன் தொட்டிக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத விளக்கு

வெயில் விழும் ஜன்னலோரம் மீன் தொட்டியை வைத்தால் சில நாளிலேயே தண்ணீர் பச்சையாகிவிடும். தங்கமீன்கூட மங்கலாகத்தான் தெரியும். பாதித் தண்ணீரை மாற்றினாலும் மறுபடி பச்சை! காரணம், தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசிகள். ஃபில்டர் பஞ்சில்கூடச் சிக்காத அளவுக்குப் பொடிசு.

இவற்றை அடக்க உதவுவது யுவி விளக்கு, அதாவது புற ஊதாக் கதிர் விளக்கு. 1801இல் ஜெர்மனியில் யோஹான் ரிட்டர் என்னும் விஞ்ஞானி சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தார். ஊதாவுக்கும் அப்பால், எந்த நிறமும் தெரியாத இடத்தில் சில்வர் குளோரைடை வைத்தார். அது மற்ற நிறங்களில் வைத்ததைவிட வேகமாகக் கறுத்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர் அங்கே விழுந்துகொண்டிருந்தது!

அதுதான் புற ஊதாக் கதிர். அதில் கிருமிக்கு எமன், யுவி-சி என்னும் வகை. அது செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏவைத் தாக்கும். டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்னும் பகுதிகள், மழையில் நனைந்த புத்தகப் பக்கங்களைப்போல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கத்தை எப்படிப் படிப்பது? படிக்க முடியாவிட்டால் நகல் எடுக்க முடியாது. நகல் இல்லாமல் செல் இரண்டாகப் பிரியாது. பாசி பெருகுவது அதோடு நின்றுவிடும்.

பழைய யுவி குழல்விளக்குகளில் பாதரச ஆவி இருக்கும். அவற்றின் கதிரின் அலைநீளம் 254 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். புதிதாக வந்திருக்கும் யுவி-சி எல்இடி பெரும்பாலும் 265 முதல் 280 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிரை வீசும். பாதரசமே கிடையாது, உடைந்தாலும் விஷம் சிந்தாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அலங்காரத்துக்கு ஊதாவாக எரியும் எல்இடியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த வெளிச்சம் இந்த வேலையைச் செய்யாது.

விளக்கை நேராக மீன்மேல் காட்டவே கூடாது. மீனுக்கும் ஆபத்து, உங்கள் கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து. அதனால் விளக்கு மூடிய பெட்டிக்குள் இருக்கும். சின்ன மோட்டார் தொட்டித் தண்ணீரை அதன் வழியே தள்ளும். மெதுவாகத் தள்ளினால்தான் போதிய கதிர் படும். சாதாரணக் கண்ணாடி யுவி-சியைத் தடுத்துவிடும் என்பதால் விளக்குக்குக் குவார்ட்ஸ் உறை போடுவார்கள்.

பெட்டிக்குள் வராத எதுவும் தப்பிவிடும். வெண்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை கதிர் அதை எட்டாது. வெளியே நீந்தும் பருவத்தில்தான் மாட்டும். ஃபில்டர் பஞ்சில் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாவும் தப்பிக்கும். அது நமக்கு நல்லதுதான். மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை மாற்றி, மீன்களைக் காப்பாற்றுவது அந்த பாக்டீரியாதானே!