ஒலியொப்புமையும் வேர்ச்சொல்லகராதியும்

இலத்தீன் ‘தெயுஸ்’, கிரேக்கத் ‘தெயொஸ்’ இரண்டும் கடவுளைக் குறிப்பன. ஒலியொப்புமை கண்டு, இவை ஒருவேரின என்று மாணாக்கர்க்குப் பல்லாண்டு கற்பித்தேன். யூலியஸ் பொக்கோர்ணி 1959இல் வெளியிட்ட இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல்லகராதியை நோக்கியபோதே பிழை புலனாயிற்று. ‘தெயுஸ்’ வடமொழித் ‘தேவ’ என்பதன் இனம். ‘தெயொஸ்’ வேறு வேரினது. காரணம் ஒலிவிதியே. வடமொழித் ‘தூம’, கிரேக்கத் ‘தூமொஸ்’, இலத்தீன் ‘ஃபூமுஸ்’ ஆகிய இனச்சொற்களில், கிரேக்கத்தின் மூச்சொடு கூடிய தகரத்துக்கு நேராக இலத்தீனில் ஃபகரமே நிற்றல் காண்க. மறுநாளே மாணாக்கர்முன் என் கூற்றை மீட்டுக்கொண்டேன்.

ஆயினும் பொக்கோர்ணி, ஹிற்றைற்று மொழிச்சான்றால் வலுப்பெற்ற குரல்வளையொலிக் கொள்கையைத் தழுவிலர். ஆதலின், அக்கொள்கைவழி எல்முற் றிக்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட வினைவேரகராதியையும் உடன்வைத்து ஒப்புநோக்கல் ஆசிரியர்க்குக் கடனாகும்.