சனம் எந்தப் பெட்டியில இருக்கு?

போன கோடையில் பக்கத்துத் தெரு கராஜ் சேலில் ஐந்து டொலருக்கு ஒரு பழைய போர்ட் கேம் வாங்கினேன். பெயர் 'எ ஹவுஸ் டிவைடட்'. அமெரிக்க உள்நாட்டுப் போரை, 1861 தொடக்கம் 1865 வரை, இரண்டு பேர் மேசையில் வைத்து ஆடலாம். பன்னிரண்டு வயது மகன் ஐபாடைக் கீழே வைத்தால் போதும் என்பதுதான் என்ர கணக்கு.

ஃபிராங்க் சாட்விக் உருவாக்கி 1981இல் வந்த விளையாட்டு. (யாழ்ப்பாண நூலகம் எரிந்த வருசம். நான் பிறந்தது இங்க, 1988இல். என்றாலும் 1981 என்றால் எனக்கு முதலில் வருவது அதுதான்.) வரைபடத்தில் ஒவ்வொரு நகரமும் ஒரு பெட்டி. ரிச்மண்ட், அட்லாண்டா, விக்ஸ்பர்க் எல்லாம் இருக்கு. இடையில் வீதி, ரயில்பாதை, ஆறு. உங்கட முறையில் எத்தனை நகர்வு என்று தாயக்கட்டை சொல்லும். புதுப் படை பலவீனம், சண்டையில் வென்று தப்பினால் தரம் கூடும். வடக்குக்கு ஆள்பலம் அதிகம், தெற்குக்குத் தாக்குப்பிடித்தாலே பாதி வெற்றி. ஒரு மணித்தியாலத்தில் பிடிபட்டுவிடும்.

மகன் யோசிக்காமல் தெற்கை எடுத்தான். ஏன் என்று கேட்டேன்.

"அவையள் தனிநாடு கேட்டவை தானே அப்பா? எங்களை மாதிரி."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சின்னப் பக்கம்தான் நியாயமான பக்கம் என்று அவனுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? நான்தான். கார் பயணங்களில், மே மாதங்களில், பாதிப் பாதியாக.

தெற்கு பிரிந்தது அடிமை முறையைக் காப்பாற்ற. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, மிசிசிப்பி மாநிலம் 1861இல் தன் பிரிவினை அறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதிவைத்தது. 1860 கணக்கெடுப்பின்படி கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகள். நாங்கள் ஆடிய அடிப்படை விதிகளில் அவர்களுக்கு ஒரு அட்டைத் துண்டுகூட இல்லை. சொன்னேன். அவன் முகம் சுருங்கிப்போச்சு. "அப்ப நான் கெட்ட பக்கமா?" என்றான். ஆடு, ஆனால் எதுக்காகச் சண்டை பிடித்தவை என்று தெரிஞ்சு ஆடு என்றேன். அது நல்ல பதிலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அதுவரை சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என்ர அப்பா எழும்பி வந்தார். வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

"சனம் எந்தப் பெட்டியில இருக்கு?"

விக்ஸ்பர்க்கில் விரலை வைத்தேன். 1863இல் வடக்குப் படை அந்த நகரத்தை 47 நாள் சுற்றி வளைத்தது. ஷெல்லுக்குத் தப்ப, சனம் மேட்டு நிலத்தைக் குடைந்து குகை வெட்டி உள்ளே இருந்தது. கட்டில், சாமான் எல்லாம் கொண்டுபோனார்கள். ஜூலை 4இல் நகரம் விழுந்தது.

"பங்கர்" என்றார் அப்பா. பிறகு பேரனைப் பார்த்து, "எங்கட வளவிலும் மாமரத்துக்குக் கீழ ஒண்டு வெட்டினனாங்கள். உன்ர அப்பம்மா சோத்துப் பானையோட இறங்குவா" என்றார்.

இந்தக் கதையை எனக்கே அவர் சொன்னதில்லை. மகன் கேட்கத் தொடங்கினான்: எவ்வளவு ஆழம், மழை வந்தால் என்ன செய்வியள், பாம்பு வராதா? அன்றைக்கு ஆட்டம் அதோடு நின்றுபோச்சு.

பிறகு 'ஃப்ரீடம்: தி அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோட்' வாங்கினேன். அதில் எல்லாரும் ஒரே பக்கம். அடிமைகளை, மரக் கட்டைகளாக, பிடிகாரர்களுக்குத் தப்ப வைத்து கனடாவுக்குக் கொண்டுவர வேணும். எல்லாரையும் காப்பாற்ற முடியாது. சிலரை விட்டுத்தான் சிலரைக் கொண்டுவரலாம், அது பிள்ளைகளுக்குக் கஷ்டம். பத்து வயதுக்குக் குறைந்தவர்களோடு ஆட நான் சொல்லமாட்டேன்.

பழையதையும் விடவில்லை. போன வெள்ளி மகன் திரும்பவும் தெற்கையே எடுத்தான், விக்ஸ்பர்க்கை இழந்தான். அவனுக்குத் தாயக்கட்டை உருட்டிக் குடுத்தது அப்பப்பா.