கரைந்த அழுக்கை எந்த வடிகட்டி பிடிக்கும்?

உடன்குடிக் கருப்பட்டியில் பாகு காய்ச்சுவதற்கு ஒரு வரிசை உண்டு. கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைக்க வேண்டும். சூடேறும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் ஒதுக்க வேண்டும். மண்ணும் தூசியும் போக வடிகட்ட வேண்டும். பிறகு பதம் வரும்வரை வற்றவிட வேண்டும். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்புகிறவர் எந்தக் கருவிக்குப் பணம் போடுவது என்று முடிவெடுக்க, இந்தப் பாகுச் சட்டியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வடிகட்டி என்ன செய்யும்?

வடிகட்டியில் கருப்பட்டி மண் தங்கும். இனிப்பு தங்காது, கரைந்த நிலையில் கீழே இறங்கிவிடும். தொட்டியில் வைக்கும் பஞ்சும் ஃபில்டர் சாக்ஸும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மீன் தின்னாமல் விட்ட தீனி, கழிவுத் துணுக்கு எல்லாம் அவற்றில் சிக்கும். ஆனால் மீன் தன் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியா நீரில் கரைந்தே இருக்கிறது. எவ்வளவு நெருக்கமான பஞ்சும் அதைப் பிடிக்காது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும்போதே மீன்கள் சாவதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. பஞ்சில் சிக்கிய அழுக்கு தொட்டியை விட்டுப் போய்விடவில்லை. நீரோட்டத்தின் நடுவில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அலசாவிட்டால் அது அங்கேயே அழுகிக் கரையும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டரைக் கடல்நீர்த் தொட்டிக்கு நான் பரிந்துரைக்காததும் இதனால்தான். கண்ணில் படாத அழுக்கை யாரும் கழுவுவதில்லை.

நுரை எதற்கு?

கடல்நீர்த் தொட்டிக்கே உரிய கருவி புரோட்டீன் ஸ்கிம்மர். பாகில் கரண்டி செய்யும் வேலையை இது ஓயாமல் செய்கிறது. ஒரு குழாய்க்குள் மிகச் சிறிய காற்றுக் குமிழிகளை அடித்துவிடுவார்கள். புரதம் போன்ற கரிமப் பொருள்களின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரை நாடும், இன்னொரு பகுதி நீரை விலக்கும். அதனால் அவை குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. நுரை ஏறி மேலே உள்ள கோப்பையில் பழுப்புச் சாறாக வடிகிறது. அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே கழிவு வெளியேறிவிடுகிறது. போகிற போக்கில் தண்ணீருக்குப் பிராணவாயுவும் கிடைக்கிறது. உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் சிறியவையாகவே நிற்பதால்தான் இது நடக்கிறது. நன்னீர்த் தொட்டியில் இந்தக் கருவி சரியாக வேலை செய்யாது.

கரைந்ததை யார் எடுப்பது?

பாகில் கரைந்த இனிப்பு நமக்கு வேண்டும். தொட்டியில் கரைந்த அம்மோனியா போயே ஆக வேண்டும். இந்த வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நுண்துளைக் கல்லின் உள்ளே, பிராணவாயு குறைந்த இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடும். இவை தங்க இடம் வேண்டும். அந்த இடம்தான் கல். குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் விடக் கூடாது. ஆகவே முதல் பணம் கல்லுக்கும் டெஸ்ட் கிட்டுக்கும் போக வேண்டும், ஸ்கிம்மர் அடுத்தது, பஞ்சு கடைசி. கார்பன், பாஸ்பேட் நீக்கி போன்றவை தேவை தெரிந்த பிறகு போதும்.

வற்றுவது தண்ணீர் மட்டுமே

பாகு வற்றினால் இனிப்பு ஏறும். தொட்டியில் நீர் ஆவியானால் உப்பு ஏறும். தூத்துக்குடி உப்பளங்கள் வாழ்வதே இந்த விதியால்தான். எனவே குறைந்த நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நன்னீரை மட்டும் ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு கூடிக்கொண்டே போகும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது குறி. முதலில் தொட்டியை நிரப்பக் கடல்நீர் எடுப்பதானால், துறைமுகத்தை ஒட்டிய நீரை எடுக்கவே வேண்டாம். கப்பல்களின் அடிப்பகுதியில் பூசும் வண்ணத்தில் செம்பு உண்டு. முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது நஞ்சு. நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது எளிது. சூடான நீரில் பிராணவாயு குறையும், ஆவியாதல் கூடும். விசிறியோ நீரைக் குளிர்விக்கும் சில்லரோ இங்கே ஆடம்பரமில்லை. மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி காற்றுப் பம்பும் வேண்டும். நீரோட்டம் நின்றால் பாக்டீரியாக்களுக்கும் மூச்சு முட்டும்.

கல் எங்கிருந்து வர வேண்டும்?

கடையில் வாங்கும் பீங்கான் கல் போதும். மன்னார் வளைகுடாக் கல் வேண்டாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல காலம் பவளப்பாறை வெட்டிய இந்தக் கடலில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பாறை கட்டும் கடின பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளதானாலும் காய்ந்ததானாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம்.

எடுக்காமல் வளர்க்கும் வழியை இந்தக் கரையே காட்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. இருபது ஆண்டு கழித்து, 1981இல், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முத்துச்சிப்பியைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்த்தெடுத்தார்கள். அதே நிறுவனத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களையும் பொரிப்பகத்தில் வளர்க்கிறது.

தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீங்கான் கல், நல்ல ஸ்கிம்மர், பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள், ஆறு வாரப் பொறுமை: இவற்றோடு தொடங்குங்கள். பவளத்தைக் கடலிலேயே பாருங்கள்.