நூறு ரூபாய் குறைக்கக் கோரும் பிரேரணை

வீரசோழனை விட்டுச் சற்றுத் தள்ளி, சீமைக்கருவேல் இரு புறமும் நெருக்கி வளர்ந்திருக்கும் ஒரு கண்மாய்க் கரையில், கலுங்குக்கு அருகே, தகரப் பலகை ஒன்று சாய்ந்து நிற்கிறது. வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, தொடங்கிய நாள், முடிந்த நாள் என்று வரிவரியாய் அதில் எழுதியிருந்திருக்க வேண்டும்; வெயிலில் பெயிண்ட் உரிந்துபோய் 'ரூ.' என்ற எழுத்தும், சற்று எட்டி 'இலட்சம்' என்ற சொல்லும் மட்டும் மிஞ்சியிருக்க, நடுவிலிருந்த எண்ணைக் காணோம். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் பலகையை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "அதுல என்னத்தத் தேடுறீக தம்பி? தொகையத்தான் வெயிலு தின்னுபுட்டுச்சே. எம்புட்டுன்னு யாருகிட்டப் போயிக் கேக்குறது?" என்றார்.

அவர் விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றேதான் சட்டசபை என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. 2017-ஆம் ஆண்டு குடிமராமத்துத் திட்டம் தொடங்கப்பட்டபோது 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் பணி ஒன்றுக்குச் சராசரியாக ஆறரை இலட்சம் ரூபாய் வருகிறது. ஆனால் சராசரியில் தண்ணீர் நிற்பதில்லை. இந்தக் கண்மாய்க்கு எவ்வளவு, அதில் மண் அள்ளியதற்கு எவ்வளவு, மடை கட்டியதற்கு எவ்வளவு என்பதை, சபையில் அமர்ந்திருக்கும் ஒரு பிரதிநிதி வாய் திறந்து கேட்டாலொழிய, மொத்தக் கணக்கின் மடியிலிருந்து அது தானாக வெளியே விழாது.

கேட்பதற்கு அவர் கையில் உள்ள கருவிகளில் பாமரர் காதில் வேடிக்கையாக ஒலிப்பது வெட்டுத் தீர்மானம் என்பது. கஜானாவிலிருந்து ஒரு காசை எடுப்பதானாலும் சபையின் அனுமதி வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 203, 204-ஆம் ஷரத்துகள் மாநில மந்திரி சபைகளுக்கு இட்டிருக்கும் கட்டளை. ஆகவே வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட பிறகு, நீர்வளத்துக்கு இவ்வளவு, பள்ளிக் கல்விக்கு இவ்வளவு என்று ஒவ்வோர் இலாகாவின் மந்திரியும் எழுந்து சபையிடம் மானியக் கோரிக்கை வைக்கிறார். மன்னர்கள் மானியம் அளித்த தேசத்தில், ஆள்பவரே எழுந்து நின்று மானியம் கேட்கும்படி ஆகிவிட்ட அந்த ஒரு சொல்லிலேயே குடியாட்சியின் தத்துவம் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்படிக் கேட்கப்படும் ஆயிரக்கணக்கான கோடியிலிருந்து நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் பிரேரணை கொடுக்கிறார். நூறே ரூபாய்! அதை மிச்சம் பிடித்து நாட்டைக் கடைத்தேற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. இன்ன ஊரில் இன்ன காரியம் நடக்கவில்லை என்பதைப் பணம் கேட்கும் மந்திரியின் முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சம்பிரதாயம் அளித்திருக்கும் பிடி அது. கொள்கையே தவறு என்று கருதுபவர் லோக்சபையில் கோரிக்கை முழுவதையும் ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். வீண்செலவு என்று கருதுபவர் இன்ன தொகையைக் குறைக்க என்று குறிப்பிட்டுச் சொல்லலாம். நூறு ரூபாய் குறை சொல்வதற்கு.

இவற்றுள் ஒன்று நிறைவேறிவிட்டால், சபையின் நம்பிக்கையை மந்திரி சபை இழந்துவிட்டதாகவே கொள்ளப்படும். ஆகையால் ஆளுங்கட்சி அதை ஒருபோதும் அசட்டையாக விடுவதில்லை. 2010 ஏப்ரலில் விலைவாசியை முன்னிட்டு லோக்சபையில் எதிர்க்கட்சிகள் கொணர்ந்த வெட்டுத் தீர்மானம், 289-க்கு 201 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. நமது சட்டப் பேரவையிலோ அவை கட்டுக்கட்டாகக் கொடுக்கப்பட்டு, முன்மொழியப்பட்டதாகக் கருதப்பட்டு, மந்திரியின் பதிலுரைக்குப் பின் திரும்பப் பெறப்படுவதோ குரல் வாக்கில் வீழ்வதோ வழக்கம். இதை வெறும் சடங்கு என்று இகழ்பவர்கள் உண்டு. நான் அப்படி இகழமாட்டேன். ஆனால் நூறு பேர் நூறு குறைகளை ஒரே நாளில் சொன்னால், மந்திரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நீண்ட உரையாற்றிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்பதையும் மறுக்கமாட்டேன்.

அப்படித் தப்ப இயலாதபடி செய்வது கேள்வி. பிரிட்டிஷ் ஆட்சியில் 1892-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியச் சட்டசபை அங்கத்தினர்களுக்கு முதன்முதலாகக் கேள்வி கேட்கும் உரிமையை வழங்கியபோது, கிடைத்த பதிலின் மேல் மறுகேள்வி போடக் கூடாது என்று வாயைக் கட்டித்தான் வழங்கிற்று. 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று கட்டு சற்றுத் தளர்ந்தது. அந்தச் சிறு இடைவெளி பிற்பாடு அகன்று வாசலானபோது, அதன் வழியே நுழைந்து சர்க்கார் அங்கத்தினர்களைத் திணற அடித்தவர் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. 1935 முதல் டில்லி மத்திய சட்டசபையில் கேள்வி நேரம் என்றாலே சத்தியமூர்த்தி நேரம் என்னும்படி பிரசித்தி பெற்றிருந்தார் அவர். துணைக் கேள்வியின் யுக்தி எதில் இருக்கிறதென்றால், காரியதரிசி எழுதிக் கொடுத்த பதிலை வாசித்து முடித்த மந்திரியை, எழுதிக் கொடுக்கப்படாத இடத்துக்கு அழைத்துப் போவதில் இருக்கிறது. அரசியலில் சத்தியமூர்த்தியையே குருவாகக் கொண்ட காமராஜர் எங்கள் விருதுநகர்க்காரர் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

பார்லிமெண்டில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வி உண்டு. குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில். துணைக் கேள்வி கிடையாது. நாளொன்றுக்கு முதல் வகையில் இருபதும் இரண்டாம் வகையில் 230-மாக லோக்சபையில் பட்டியலாகின்றன. பத்திரிகைகள் முதல் வகையையே நாடும்; செலவுக் கணக்கைத் துருவ விரும்புபவர் இரண்டாம் வகையை நாடுவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம், ஏனெனில் ஆண்டுவாரியாகவும் மாவட்டவாரியாகவும் தொகையைக் கேட்டு வாங்கும் அட்டவணை வாய்மொழியில் அடங்காது; எழுத்தில் வந்துவிட்டால் அது சபையின் ஏட்டில் நிலைத்துவிடும், வெயில் அதை உரிக்க முடியாது.

ஆனால் கேள்வியை வார்ப்பது எளிய காரியமன்று. வாதம் கூடாது, ஊகம் கூடாது, எள்ளல் கூடாது, அடைமொழி கூடாது என்று லோக்சபை விதிகள் தடுக்கின்றன. நூற்றைம்பது சொற்களைத் தாண்டவும் கூடாது. மேடைப் பேச்சுக்குப் பழகிய நாவுக்கு இது ஒரு தவம். விடையின் நடையும் தனி. 'பரிசீலனையில் உள்ளது', 'நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்' என்பவை நாம் அறிந்தவை; இப்படிச் சொல்லப்படும் வாக்குறுதிகளைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே உறுதிமொழிக் குழு ஒன்று 1953-ல் லோக்சபையில் அமைந்தது, தமிழ்நாட்டுப் பேரவையிலும் அத்தகைய குழு உண்டு. இவற்றினும் நுட்பமான ஒன்று 'எழவில்லை' என்பது. 'நிதி ஒதுக்கப்பட்டதா? ஆம் எனில் எவ்வளவு?' என்று கேட்டால், முதற்பகுதிக்கு 'இல்லை' என்றும், இரண்டாம் பகுதிக்கு 'இவ்வினா எழவில்லை' என்றும் விடை வரும். 'இல்லையெனில் காரணம் என்ன?' என்ற மூன்றாம் பகுதியைச் சேர்க்கத் தவறியவருடைய கேள்வி அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, சுதந்திர இந்தியாவில் நடந்த முந்த்ரா விவகாரத்தைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. அதில் பட்டவரும் ஒரு தமிழர். ஆயுள் இன்ஷூரன்ஸ் 1956-ல் தேசிய உடைமையாக்கப்பட்டது. அருப்புக்கோட்டையில் தறியில் உட்கார்ந்திருந்தவரும் நரிக்குடியில் பாடம் சொல்லிக்கொடுத்தவரும் கட்டிய பிரீமியம் உள்ளிட்ட மக்கள் பணம் அந்த ஒரே கார்ப்பரேஷனில் சேர்ந்தது. மறு வருஷம் ஜூன் மாதத்தில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரிக்குத் தொடர்புடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை, தன்னுடைய முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமலே, சுமார் ஒரு கோடியே இருபத்து நான்கு இலட்சம் ரூபாய்க்குக் கார்ப்பரேஷன் வாங்கிற்று. ராம் சுபக் சிங்கும் ஃபெரோஸ் காந்தியும் லோக்சபையில் இதைப் பற்றிக் கேட்டார்கள்; இருவருமே ஆளுங்கட்சியினர், பின்னவரோ பிரதம மந்திரியின் மருமகன். முதலில் வந்த பதில்கள் பட்டும் படாமலும் இருந்தன. அவர்கள் விடவில்லை. 1957 டிசம்பர் 16-ஆம் தேதி கேள்வி விவாதமாக மூண்டு, அடுத்த மாதம் பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி எம்.சி. சாக்ளாவின் விசாரணைக் கமிஷனாக முடிந்தது. பகிரங்கமாக நடந்த அந்த விசாரணையைக் கேட்க வந்த கூட்டம் உள்ளே அடங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. இலாகாக் காரியதரிசியின் செய்கைக்கு மந்திரியே பொறுப்பு என்று சாக்ளா முடிவுரைக்க, 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். முந்தின ஆண்டுதான் அவர் பிரஜைகளின் செலவுக்கே வரி போடும் செலவு வரியைக் கொண்டு வந்திருந்தார் என்பதும், அவரே செலவைப் பற்றிய ஒரு கேள்வியால் பதவி இழந்தார் என்பதும் விதியின் விளையாட்டுப் போலும். பின்னாளில் அவர் மீண்டும் நிதி மந்திரியானார். அது வேறு கதை.

எங்கள் பக்கத்து அனுபவம் விசித்திரமானது. வீரசோழன் அடங்கிய திருச்சுழித் தொகுதியிலிருந்து 2011, 2016, 2021 என்று மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்ட தங்கம் தென்னரசு, முதல் பத்தாண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர், 2023 மே மாதத்தில் மாநிலத்தின் நிதி மந்திரியானார். 2024, 2025 ஆண்டுகளின் வரவு செலவுத் திட்டங்களைப் பேரவையில் படித்தவரும் அவரே. தொகுதிக்கு இது பெருமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மந்திரியானவர் சபையில் கேள்விக்கு விடை சொல்பவரேயன்றிக் கேட்பவர் அல்லர்; ஆகவே அத்தகைய தொகுதி, கஜானாவின் சாவிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கேள்வி உரிமையிலிருந்து எட்டிப் போய்விடுகிறது. மந்திரியிடம் மனு கொடுக்கலாம். ஆனால் மனுவுக்குக் கிடைக்கும் பதில் மனுதாரரின் பையில் இருக்கும், சபை ஏட்டில் ஏறாது. அத்தகைய நிலையில், அண்டைத் தொகுதி உறுப்பினர் மனம் வைத்து நம் கண்மாயைப் பற்றிக் கேட்டால்தான் உண்டு.

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். மாயனூரில் தொடங்கும் 262 கிலோமீட்டர் கால்வாய்க்கு 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு என்று சொல்லி 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதன் மூன்றாம் கட்டமாகிய வைகைக்கும் குண்டாற்றுக்கும் இடைப்பட்ட 34 கிலோமீட்டர்தான் எங்கள் வறட்டுச் சீமையைத் தொடுவது. மூன்றாம் கட்டத்துக்கென்று எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று ஆண்டுவாரியாகக் கேட்கும் ஒரு கேள்வி, கால்வாய் வரும் வரும் என்று மேடையில் கேட்ட அத்தனை பேச்சையும்விட எங்களுக்குப் பயன்படும். திருச்சுழி சேர்ந்திருப்பது ராமநாதபுரம் பார்லிமெண்ட் தொகுதியில். அந்த உறுப்பினர் டில்லியில் கேட்கலாம்தான், ஆனால் நீர் மாநில விஷயம் என்ற முன்னுரையோடு தொடங்கும் பதிலுக்கு அவர் தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் கண்மாய்க் கரையில் அந்தப் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடுகள் வெகு தூரம் போய்விட்டன, அவர் போகவில்லை. "அப்ப அந்தக் கேள்விய எழுதுங்க, பாப்பம்" என்றார். சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதி வாசித்துக் காட்டினேன்: மாண்புமிகு நீர்வளத் துறை அமைச்சர் பின்வரும் வினாவிற்கு விடையளிப்பாரா? (அ) இந்தக் கண்மாய் கடைசியாக எந்த ஆண்டில் தூர்வாரப்பட்டது. (ஆ) அதற்கான மதிப்பீடும் செலவும் எவ்வளவு. (இ) கரை முழு நீளத்துக்கும் பலப்படுத்தப்பட்டதா, இல்லையெனில் காரணம் என்ன?

அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கையை நீட்டிக் கரையின் கீழ்க்கோடியைக் காட்டினார். "எல்லாஞ் சரி. அந்தா தெரியுதுல்ல ரெண்டாவது மட, அதுக்குக் கதவு போடவே இல்ல. தண்ணி நிக்காமப் போறது அதுலதான். அதையும் சேத்துக்கங்க."

டிக்கெட்டில் இடம் குறைவாக இருந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதினேன்: (ஈ) இரண்டாம் மடைக்குக் கதவு பொருத்தப்பட்டதா?