பாதியில விட்டது என் இஷ்டம்... அப்பத்தாவுக்கு?

செமஸ்டர் லீவு ஒரு மாசம். 'அஞ்சு புத்தகத்தை முடிச்சுட்டுத்தான் திரும்பி வருவேன்'னு ரூம்மேட்கிட்ட சவால் விட்டுட்டு பஸ் ஏறினேன். புதுக்கோட்டை மாவட்டத்துல ஆலங்குடி பக்கம் ஒரு கிராமம் நம்ம ஊரு. செல்போன் டவரே அப்பப்ப லீவு எடுக்குற இடம். படிக்க இதைவிட என்ன வேணும்?

மாசக் கடைசியில ரிசல்ட் இதுதான்: முடிச்சது ரெண்டு, பாதியில விட்டது மூணு. காலேஜ்லதான் அரியர்னு பார்த்தா, இதுலயுமா!

பாஸானவை

சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' ரெண்டே ராத்திரியில காலி. எழுதினவர் பெங்களூர்ல பி.இ.எல். கம்பெனியில வேலை பார்த்த இன்ஜினீயராச்சே, நம்ம ஜாதி! ஜீனோங்கிற ரோபோ நாய்க்குட்டிகூட மனசை விட்டுட்டேன். அடுத்தது கந்தர்வனோட சிறுகதைகள். புதுக்கோட்டையில வாழ்ந்து 2004-ல் மறைஞ்சவர். ஆலங்குடியிலேருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ல போறதுக்குள்ள ஒரு கதை முடிஞ்சிடும். இறங்கின பிறகும் கதை கூடவே வரும்.

அரியர் லிஸ்ட்

அகிலனோட 'சித்திரப்பாவை'. 1922-ல் நம்ம மாவட்டத்துப் பெருங்களூர்ல பிறந்தவர். 1975-க்கான ஞானபீட விருது இந்த நாவலுக்குத்தான். தமிழுக்குக் கிடைச்ச முதல் ஞானபீடம் அது. ஊர்ப் பாசத்துல ஆரம்பிச்சேன். ஓவியன் அண்ணாமலையோட பாதி தூரம் போனேன். பிறகு ஏனோ கால் நகரலை. குறை நாவல்ல இல்லை, என் பொறுமையிலதான்.

ஸ்டீபன் ஹாக்கிங்கோட 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்', 1988-ல் வந்தது. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாகும்னு மிரட்டினாங்களாம். அதனால ஒரே ஒரு சமன்பாட்டை மட்டும் வெச்சார். அப்படியும் ரெண்டாவது அத்தியாயத்துல ஒளிக்கூம்பு வந்ததும் நான் எஸ்கேப்!

மூணாவது பி.சாய்நாத் 1996-ல் எழுதின 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்'. தடிமனான இங்கிலீஷ் புத்தகம். புதுக்கோட்டைன்னு பேர் கண்ணுல பட்ட பக்கங்களை மட்டும் படிச்சிட்டு மூடிட்டேன்.

மனசு கேட்கலை. ஆனா துணைக்கு ஆள் இருக்குன்னு கொஞ்ச நாள்ல தெரிஞ்சது. 2014-ல் ஜோர்டன் எல்லன்பெர்க்னு ஒரு கணித நிபுணர் ஒரு விளையாட்டுக் கணக்கு போட்டார். மின்நூல் படிக்கிறவங்க அதிகமா அடிக்கோடு போடுற வரிகள் புத்தகத்துல எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்த்தார். எல்லாம் முன்பக்கங்கள்லயே இருந்தா, பாதியில விட்டுட்டாங்கன்னு அர்த்தம். ஹாக்கிங் புத்தகத்துக்குக் கிடைச்சது 6.6 சதவீதம்! அந்தக் கணக்குக்கே 'ஹாக்கிங் இண்டெக்ஸ்'னு பேர் வெச்சுட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-லயே வாசகனுக்குப் பத்து உரிமைகள் கொடுத்துட்டார். அதுல மூணாவது, புத்தகத்தை முடிக்காம விடுற உரிமை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். திருக்கோகர்ணத்துல கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி உருவாக்கின ஞானாலயா நூலகத்துல ஒரு லட்சத்துக்கும் மேல புத்தகங்கள். நாளுக்கு ஒண்ணுன்னு படிச்சாக்கூட 270 வருஷத்துக்கு மேல ஆகும். அப்புறம் என்ன? ஜாலியா கவுத்துப் போட்டுட்டேன்.

அப்பத்தா போட்ட குண்டு

திண்ணையில கவுந்து கிடந்த சாய்நாத்தைப் பார்த்து அப்பத்தா கேட்டுச்சு: "ஏத்தா, முடிச்சிட்டியா?"

"இல்ல அப்பத்தா, போரடிச்சது. விட்டுட்டேன்."

"எனக்கும் ஒரு புத்தகம் பாதியில நின்னு போச்சு. முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பத்தாவும் புத்தகமுமா?

1991-ல் புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் வந்தப்ப, வயல் வேலை முடிஞ்சு ராத்திரி பாடம் படிக்கப் போயிருக்கு. முதல் புத்தகத்தை முடிச்சிருக்கு. ரெண்டாவது பாதியில இருக்கும்போது தாத்தா படுத்த படுக்கையாயிட்டார். நடவும் வந்திருச்சு. அதோட சரி. கூரை ஒழுகின ஒரு மழையில அந்தப் புத்தகமும் நனைஞ்சு போச்சாம். இன்னிக்கு அப்பத்தாவுக்குக் கையெழுத்து வரும், பஸ் போர்டு தெரியும். அதுக்கு மேல கண்ணு தடுக்கும்.

"சைக்கிள் மட்டும் மறக்கல"ன்னு சிரிச்சுச்சு.

ஓடிப்போய் சாய்நாத்தை மறுபடி எடுத்தேன். அதேதான்! படிப்போட சைக்கிளும் கத்துக்கிட்ட நம்ம மாவட்டத்துப் பெண்களைப் பத்தித்தான் அந்த அத்தியாயம். 1992 மகளிர் தினத்துல 1,500 பெண்கள் சைக்கிள்ல புதுக்கோட்டையைக் கலக்கினாங்கன்னு எழுதியிருக்கார். தமிழ்ல சொல்லச் சொல்ல, அப்பத்தா முகத்தைப் பார்க்கணுமே! "அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன்"னு சொல்லிட்டு முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிச்சு.

அப்பதான் எனக்கு உறைச்சது. நான் மூணு புத்தகத்தை விட்டேன். அது என் இஷ்டம், என் உரிமை. நினைச்சா நாளைக்கே திரும்ப எடுப்பேன். அப்பத்தா ஒரே ஒரு புத்தகத்தை விட்டுச்சு. அது அதோட இஷ்டம் இல்லை. ரெண்டையும் 'பாதியில விட்டது'ன்னு ஒரே பேர்ல கூப்பிடறது நியாயமா?

லீவுல மிச்சம் இருந்தது ஒன்பது நாள். கந்தர்வன் கதைகள்ல ஒண்ணை அப்பத்தா மடியில வெச்சேன். எழுத்துக் கூட்டி, விரலை ஓட்டி, ஒரு நாளைக்கு ஒரு பத்தி. 'ற'வும் 'ர'வும் சண்டை போட்டுச்சு. மூக்குக் கண்ணாடி வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. ஒன்பது நாள்ல ரெண்டே கால் பக்கம். கதை முடியலை.

கிளம்புற அன்னிக்கு, "புத்தகத்தை வெச்சுட்டுப் போ. இந்தத் தடவை நான் விடுறதா இல்ல"ன்னு சொல்லிருச்சு. இப்போ ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா, சாப்பிட்டியான்னு கேட்கிறதுக்கு முன்னாடியே பக்க எண் சொல்லுது. போன வாரம் நாலாம் பக்கம்!

ஃப்ரெண்ட்ஸ், நீங்க பாதியில விட்ட புத்தகங்களை எண்ணி வருத்தப்படாதீங்க. ஆனா அடுத்த தடவை ஊருக்குப் போனா, வீட்ல இருக்கறவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க எந்தப் பக்கத்துல நின்னாங்கன்னு!