பழைய ஸ்பிரிங் பட்டையா? மாட்டுமுன் அளந்து பாருங்கள்!

பழைய இரும்புக் கடையில் லோரி ஸ்பிரிங் பட்டை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வந்து மாட்டினால் பொருந்தவில்லை. உடனே வெல்டிங், கிரைண்டர் என்று கிளம்பிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பம், அன்பர்களே!

கழற்றிய பட்டையை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அகலம், அடுக்கின் கனம், கண்ணின் உள்விட்டம், நடு போல்ட்டிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் உள்ள தூரம் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். பலர் ஏமாறுவது கடைசி அளவில்தான். முன்தூரமும் பின்தூரமும் பல லோரிகளில் சமமாக இரா. திருப்பி மாட்டினால் அச்சு நகர்ந்து, லோரி ஒருபக்கம் இழுக்கும். கண் ஓரத்திலும் நடுத்துளையிலும் விரிசல் இருந்தால் தொடவே வேண்டாம்.

நடு போல்ட்டின் தலை அச்சுக் குழியில் உட்காராவிட்டால் குழியைக் குடையாதீர்கள், போல்ட்டை மாற்றுங்கள். புஷ் ஆடினால் தகரம் சுற்றாதீர்கள், புதிது போடுங்கள். பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தாலோ, வெல்டிங் வைத்தாலோ எஃகின் பதம் கெடும்; பாரம் ஏறியதும் முறியும்.

இடமும் வலமும் ஜோடியாக மாற்றுங்கள். யூ போல்ட்டு ஒருமுறை முறுக்கியதும் நீண்டுவிடும். ஆகவே அதைப் புதிதாகவே வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

செம்பனைக் குலையோடு மேட்டிலிருந்து இறங்கும் லோரியில் நம் வீட்டுப் பிள்ளை இருக்கிறான். மிச்சமாகும் நாலு வெள்ளி பெரிதா, அவன் வீடு திரும்புவது பெரிதா?