இராஜத்துரோகம் என்பது யாது?

"அரசாங்கத்தைக் குறைகூறுவது இராஜத்துரோகம் ஆகுமா?" வரலாறு கற்பித்த காலத்தில் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி எழுப்பிய வினா இது. வினா சிறிது, ஆயினும் விடை காண நெடுங்காலம் ஆயிற்று.

அரசனே நாடு என்று கருதிய காலத்துச் சொல் இராஜத்துரோகம். ஆங்கில ஆட்சியினர் 1870-ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தனர். அரசாங்கத்தின்மீது மக்களுக்கு அன்பின்மை உண்டாகுமாறு தூண்டுவது குற்றம் என்றது அப்பிரிவு. 1897-இல் திலகர்மீது இவ்வழக்குத் தொடரப்பட்டபோது, கலகம் விளைந்திருக்க வேண்டுவதில்லை, பகையுணர்ச்சியை எழுப்ப முயன்றதே போதும் என்று நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளுக்கு விளக்கினார். திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறை கிடைத்தது. 1908-இல் வ. உ. சிதம்பரனாரும் இப்பிரிவின்கீழ்த் தண்டனை பெற்றார். 1922-இல் அகமதாபாத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட காந்தியடிகள், அன்பு சட்டத்தால் விளைவதன்று என்று எடுத்துரைத்தார். ஆறாண்டுச் சிறை ஏற்றார்.

நாடு விடுதலை பெற்றது, பிரிவோ நிலைத்தது. மக்களே ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் நாட்டில் அவரைக் கண்டிப்பது எங்ஙனம் குற்றமாகும்? 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை வகுத்தது. கண்டனம் எத்துணைக் கடுமையாயினும் குற்றமன்று. வன்முறையால் பொது அமைதியைக் குலைக்கும் நோக்கமோ போக்கோ உடைய பேச்சே குற்றம் என்றது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். "இவ்வரி அநீதியானது, அடுத்த தேர்தலில் இவ்வாட்சியை அகற்றுவோம்" என்பது குடிமகனின் உரிமை. "தாலுகா கச்சேரிக்குத் தீ வையுங்கள்" என்று திரண்ட கூட்டத்தை ஏவுவது குற்றம். முன்னது கருத்தை மாற்ற முயல்கிறது. பின்னது கையைத் தூண்டுகிறது.

2022-இல் உச்ச நீதிமன்றம் 124-ஏ பிரிவின் செயலை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் இராஜத்துரோகம் என்னும் பெயர் இல்லை. எனினும், பிரிவினையையும் ஆயுதக் கிளர்ச்சியையும் தூண்டுவதைத் தண்டிக்கும் 152-ஆம் பிரிவு அதில் உண்டு. பெயர் மாறினும் பழைய வினா மாறவில்லை.

ஆதலின் மாணவர்களே, ஒருவரைத் துரோகி என்று பிறர் கூறக் கேட்டால் உடனே நம்பிவிடாதீர்கள். அவர் கூறிய சொற்கள் யாவை, யாரிடம் கூறினார், வன்முறைக்கு ஏவினாரா என்று முதலில் வினவுங்கள். ஆட்சி வேறு, நாடு வேறு என்று உணர்ந்தவனே நல்ல குடிமகன்.